வீடு பெரிய, கதவு திறந்த

குழாயடியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்று காலை காசிமேட்டிலிருந்து வந்த மீன். தலையைக் கிள்ளினால் குடலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும் அளவுக்குப் புதுசு. மதில்மேல் ஒரு கருப்புப் பூனை உட்கார்ந்து, கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் மருமகள் லூசியா வயிற்றைத் தாங்கியபடி வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஸ்பெயின் நாட்டுப் பெண். தமிழை முக்கால்வாசி என் கணவரிடம் கற்றுக்கொண்டவள் என்பதால், வாயைத் திறந்தால் திருவொற்றியூர் மணக்கும்.

"அத்தே, அங்க பாரு. காத்தோ நேக்ரோ" என்றாள். காத்தோ என்றால் பூனை, நேக்ரோ என்றால் கருப்பு.

"அது பொட்டைம்மா. போன மாசந்தான் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால குட்டி போட்டுது."

"அப்டியா? அப்போ காத்தா நேக்ரா."

பூனை பெண் என்று தெரிந்ததும் அதன் கருப்பும் பெண்ணாகிவிட்டது. பின்னாலேயே ஒரு குட்டியும் மதிலேறி வந்தது. லூசியா தலையைச் சாய்த்து அதை ஆராய்ந்துவிட்டு, "இதுவும் பொம்பள. காத்தாஸ் நேக்ராஸ்" என்றாள். பூனை இரண்டானதும் கருப்பும் இரண்டாகிவிட்டது!

"இன்னாம்மா இது? பூனையத் தூக்கிப் பாத்துட்டுத்தான் உங்க ஊர்ல பேசுவீங்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பூனை குட்டியோடு ஓடியே போய்விட்டது. என் ஸ்பானிஷ் பாடம் அப்படித்தான் ஆரம்பித்தது.

நம்ம 'நல்ல' நல்லது

என் மகன் தினேஷ் கப்பல் இன்ஜினியராக இருந்தபோது லூசியாவின் ஊர்த் துறைமுகத்தில் அவளைப் பார்த்தான். கல்யாணம் அங்கே பதிவானது, விருந்து மட்டும் இங்கே நடந்தது. பிறகு அவனுக்கு எண்ணூர் பக்கம் வேலை கிடைத்து, இரண்டு பேரும் எங்களோடு வந்துவிட்டார்கள். மாடி போர்ஷனில் குடியிருந்தவர்கள் மணலி புதுநகருக்குப் போய்விட்டதால், காலியான அந்த இடத்தில் உட்கார்ந்து லூசியா கம்ப்யூட்டர் வழியாக ஸ்பானிஷ் வகுப்பு எடுத்தாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் பணம் கட்டிப் படித்தார்கள். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டே ஓசியில் படித்தேன்.

நம் தமிழில் பெயரடை இருக்கிறதே, அது ஒரு சாது. 'நல்ல' என்று ஒரு சொல். நல்ல பையன், நல்ல பெண், நல்ல மீன், நல்ல மாமியார்கள் (இருந்தால்), எல்லோருக்கும் அதே 'நல்ல'தான். யாருக்காகவும் அது உடுப்பு மாற்றிக்கொள்வதில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று கட்டியம் கூறிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

ஸ்பானிஷில் அது பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வருகிறது. காசா பிளாங்கா என்றால் 'வீடு வெள்ளை'. பின்னால் வந்தாலும் சும்மா வருவதில்லை. முன்னால் போகிறவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்று பார்த்து அதற்கேற்ற வாலைக் கட்டிக்கொண்டு வரும். இதில் பெரிய கூத்து, வீடும் மேசையும் படகும்கூட அங்கே ஆணோ பெண்ணோதான். வீடு பெண். படகு ஆண். மேசை பெண். ஏன் என்று கேட்டால் லூசியா தோளைக் குலுக்குவாள்.

எல்லாச் சொல்லும் ஆடாது என்பதுதான் ஒரே ஆறுதல். பெரிய என்பதற்கு கிராண்தே. அது வீட்டுக்கும் கிராண்தே, படகுக்கும் கிராண்தே. பலவாகிவிட்டால் மட்டும் ஒரு 'ஸ்' சேர்த்துக்கொள்ளும். பச்சைக்கு வெர்தே, அதுவும் அப்படித்தான். இந்த மாதிரி சொற்களைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பெயர் முன்னால், விவரம் பின்னால் என்ற வரிசை மட்டும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அதற்குக் காரணம் என் பழைய ஆபீஸ். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். சரக்கு விவரம் அடிக்கும்போது 'பழுப்பு மர நாற்காலி' என்று அடிக்கக்கூடாது. 'நாற்காலி, மரம், பழுப்பு' என்றுதான் அடிக்க வேண்டும். முதலில் என்ன பொருள் என்று தெரிய வேண்டும், அதன் அழகையும் அவலட்சணத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடித்து அடித்து அது வீட்டுக்கும் வந்துவிட்டது. மளிகைக் கடைக்காரரிடம் "பருப்பு, துவரை, பழசு" என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஓர் ஆண் போதும்

என் கணவர் பழனி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஸ்பானிஷ் படிக்க வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "எனக்குத் தமிழே ஒயுங்கா வர்ல. நீ போமே" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் காது மட்டும் எங்கள் பக்கம்தான் இருக்கும்.

ஒருநாள் லூசியா ஒரு விதி சொன்னாள். பெண்கள் கூட்டமாக நின்றால் பெயரடையும் பெண்பாலில் வரும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆண் வந்து நின்றுவிட்டால், மொத்தக் கூட்டத்துக்கும் ஆண்பால் வால்.

பேப்பர் மடங்கியது. "இன்னா சொன்ன நீ? நூறு பொம்பளைங்க நடுவுல நான் ஒருத்தன் போயி நின்னா போதுமா?"

"போதும் மாமா" என்றாள் லூசியா.

"சோக்கா கீதே இந்த பாஷ! யாரு கண்டுபிடிச்சானோ, அவன் நம்ம தோஸ்து."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அன்று இரவு குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அடுத்த வாரம் லூசியா சொன்ன ஒன்று அவர் கிண்டலை நிறுத்திவிட்டது. கடலுக்கு அவர்கள் மொழியில் மார் என்று பெயர். படித்தவர்கள் சாதாரணமாக அதை ஆணாக வைத்துத்தான் பேசுவார்களாம். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் பெண்ணாகவே சொல்வார்களாம். அவள் ஊர் மீனவர்கள் லா மார் சலாதா என்பார்களாம். உப்புக் கடல், அதுவும் பெண் உப்பு.

என் கணவர் குடும்பம் கடல்தொழில் செய்த குடும்பம். அவர் பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு, "அங்கியும் கடலம்மாதானா" என்று மெல்லக் கேட்டார்.

வாய்விட்டுச் சொல்லாத காரணம்

இந்த வயதில் இந்தக் கிழவிக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மகனும் கேட்டான். பொழுதுபோக்கு என்று சொல்லி வைத்தேன். உண்மையில் எனக்கு ஒருத்தியோடு சண்டை போட வேண்டியிருந்தது.

லூசியாவின் அம்மா பெயர் பிலார். கணவர் இல்லை, ஒரே பெண். அவள் ஊரில் நெத்திலியை உப்பில் ஊறவைத்து டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. நானும் அவளும் போனில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை ஆட்டுவாள், நான் கை ஆட்டுவேன், அதோடு சரி.

லூசியாவுக்கு மாதம் ஏற ஏற எனக்கு வயிற்றெரிச்சலும் ஏறியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பெண்ணைப் பெற்றவள் வந்து, வளைகாப்பு முடிந்ததும் கையோடு அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஆறாம் மாதமும் ஆனது. பிலாரிடமிருந்து 'அனுப்புங்கள்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. 'நான் வருகிறேன்' என்றும் வரவில்லை.

நாமாக வாயைத் திறக்கவும் முடியாது. "உன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ" என்று மாமியார்க்காரி சொன்னால், வீட்டை விட்டுத் துரத்துகிறாள் என்றுதானே அர்த்தம்? லூசியாவிடம் "உங்கம்மா ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டால் பிள்ளைத்தாய்ச்சி மனசு என்ன பாடுபடும்? தினேஷிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, பேஜார் பண்ணாத. அவங்க ஊர்ல அதெல்லாம் இல்ல" என்றுவிட்டான்.

அவனுக்குத் தெரியாது. அவன் பிறக்கும்போது நான் எப்படி இருந்தேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் வண்ணாரப்பேட்டைப் பெண். வீட்டை எதிர்த்துப் பழனியைக் கட்டிக்கொண்டேன். பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஆனாலும் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்தால் அம்மா வந்துவிடுவாள் என்று நம்பினேன். நாள் நெருங்க நெருங்க, தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போவேன். எல்லா ஆட்டோவும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. வலி எடுத்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டு அக்காதான். ஆஸ்பத்திரியில் நான் கத்தியதெல்லாம் ஒரே சொல். அந்தச் சொல்லுக்குரியவள் வரவேயில்லை.

லூசியா சாயங்காலங்களில் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மணலிக் காற்று மூக்கைப் பொத்த வைக்கும் நாளில்கூட உள்ளே போகமாட்டாள். கையில் போன் இருக்கும், பேசமாட்டாள். அந்த நிற்பு எனக்குப் பழக்கமான நிற்பு. பார்க்கும்போதெல்லாம் பிலார்மேல் ஆத்திரம் பொங்கும். நீயெல்லாம் ஒரு தாயா என்று அவள் மொழியிலேயே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

வினைச்சொல் இல்லாத சண்டை

சண்டை போட வினைச்சொல் வேண்டும். லூசியாவின் பாடம் இன்னும் அங்கே வரவில்லை. வீட்டில் இருக்கும் சாமானைக் காட்டிப் பெயர், அதன் பின்னால் பெயரடை, அவ்வளவுதான் பாடம் நடந்திருந்தது. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. வினைச்சொல்லுக்காகக் காத்திருந்தால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

லூசியா மாடியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் கீழே என் கணவரின் போனில் பிலாரைக் கூப்பிட்டேன். திரையில் வந்தாள். தொழிற்சாலைத் தொப்பி, நீல ஏப்ரன், முகத்தில் பயம். நான் தனியாகக் கூப்பிட்டதே கிடையாது. பெண்ணுக்கு என்னவோ என்று பயந்துவிட்டாள்.

"லூசியா?" என்று கேட்டாள்.

"புவேனா, புவேனா" என்றேன். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னதாக நினைப்பு. நல்லவள் என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. இரண்டும் உண்மைதானே!

கேட்க வைத்திருந்த கேள்வியை அந்த முகத்தைப் பார்த்ததும் ஒதுக்கி வைத்துவிட்டேன். என் அம்மாவைத் திட்ட வேண்டியதை இவள் தலையில் இறக்கப் போகிறேனே என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, தெரிந்த சாமானையெல்லாம் எடுத்துவைக்க ஆரம்பித்தேன்.

"காசா கிராண்தே." வீடு பெரிய.

"காமா லிம்பியா." கட்டில் சுத்தமான.

"பெஸ்காதோ ஃப்ரெஸ்கோ." மீன் புதிய.

அவள் புருவம் சுருங்கியது. வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறவள், இவள் எதற்கு வீட்டை விற்கிற மாதிரி பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். எனக்கு வியர்த்தது.

"இஹா சோலா" என்றேன். மகள், தனியான. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மாடியைக் காட்டினேன். "மாத்ரே, லெஹோஸ்." அம்மா, தூரத்தில்.

நான் எழுந்து போய் எங்கள் வாசல் கதவை விரியத் திறந்து, போனை அதன் எதிரில் பிடித்தேன். படபடப்பில் வால் தவறிவிட்டது.

"புவெர்த்தா அபியெர்த்தோ!" என்று கத்தினேன். கதவு பெண். அதற்கு ஆண் வாலைக் கட்டிவிட்டேன்.

பிலார் தொப்பியைக் கழற்றினாள். கண்ணில் தண்ணீர் வழிய, "அபியெர்த்தா" என்று திருத்தினாள். "புவெர்த்தா அபியெர்த்தா."

அதற்கப்புறம் அவள் கொட்டித் தீர்த்ததில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என் கத்தலைக் கேட்டு, வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லூசியா மாடிப்படி இறங்கி வந்துவிட்டாள். அவள்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

"அத்தே, எங்க ஊர்ல பொண்ணக் குடுத்த வூட்டுக்கு அம்மா தானா வந்து தங்கமாட்டாங்க. அந்த வூட்டு அம்மா கூப்டணும். வாரா வாரம் கேப்பாங்க, உங்க அத்தே கூப்டாங்களான்னு. நான் உங்களாண்ட எப்டி கேப்பேன்?"

"அடிப்பாவி! நாங்க கூப்டக்கூடாதும்மா. பெத்தவதான் வரணும்!"

பிலார் அங்கே காத்திருந்தாள். நான் இங்கே காத்திருந்தேன். இரண்டு பேர் மரியாதைக்கும் நடுவில் இந்தப் பெண் மாடியில் நின்று லாரியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

படியேறிப் போன தாய்வீடு

பிலார் வந்தாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு "கொன்சுவேக்ரா" என்றாள். சம்பந்தி அம்மாளுக்கு அவர்கள் மொழியிலும் ஒரு தனிச்சொல் இருக்கிறது. எனக்கு அந்த நாட்டின்மேல் மரியாதை வந்துவிட்டது. இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கும் இந்தப் பாடு தெரிந்தவர்கள் வைத்த சொல் அது.

வளைகாப்பு நடந்தது. லூசியா கைநிறைய வளையல் குலுங்கச் சிரித்தாள். அன்றைக்குத்தான் யாரோ பிலாரிடம் முழு வழக்கத்தையும் சொல்லிவைத்தார்கள். இனி இவள் தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்று. பிலாரின் முகம் விழுந்துவிட்டது. விமானத்தில் ஏற்றும் மாதம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "என் வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லையே" என்று சொன்னதாக லூசியா மொழிபெயர்த்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே போய் மாடிச் சாவியை எடுத்துவந்து பிலார் கையில் வைத்தேன்.

"காசா துயா" என்றேன். வீடு, உன்னுடையது. "இன்னையிலர்ந்து மாடி உங்க வூடு. உங்க பொண்ண உங்க வூட்டுக்குக் கூட்டினு போங்க."

என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாடிக்குப் போறதுக்கு இன்னாமே ஆரத்தி? ஆட்டோ வேணா சொல்லட்டா?"

"நீ சும்மா கெட" என்றேன்.

ஆரத்தி சுற்றினேன். பிலார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தினேஷ் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். வழியனுப்புகிறவள் நான் என்பதால் கீழேயே நின்றுகொண்டேன். மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் என் வீடு நிஜமாகவே வெறிச்சென்று ஆகிவிட்டது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

அதன்பிறகு மருமகளைப் பார்க்க வேண்டுமென்றால் பழம் வாங்கிக்கொண்டு, படியேறி, கதவைத் தட்டிக் காத்திருப்பேன். பிலார் திறந்து உட்காரச் சொல்லி, அவள் ஊர்ப் பூண்டு சூப் ஒரு கிண்ணம் கொடுப்பாள். நான் சுறாப்புட்டு செய்யும் முறையைக் கையால் நடித்துக் காட்டுவேன். பேத்தி பிறந்தாள். வலி எடுத்த நேரம் முழுக்க லூசியா பிடித்துக்கொண்டிருந்தது அவள் அம்மா கையைத்தான். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயிறு குளிர்ந்தது.

நாள் பார்த்தல்

தாய்வீட்டிலிருந்து பிள்ளையையும் பெண்ணையும் கொண்டுவந்து விடுவதற்கும் நாள் பார்க்க வேண்டும். பிலாருக்கு விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. நான்தான் நாளும் குறித்தேன். பிலார் அதை சாக்பீஸால் மாடிச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டாள். அதைக் காட்டித் தினமும் காலையில் என்னைக் கேட்பாள், "புவென் தியா?" நல்ல நாளா?

இங்கே ஒரு பாடம் பாக்கி. நாளுக்கு தியா என்று பெயர். பெண்ணைப் போல் ஒலித்தாலும் அது ஆண். நல்ல என்பதற்கான புவேனோ, ஆண்பெயருக்கு முன்னால் வந்து நின்றால் வாலை விட்டுவிட்டு புவென் ஆகிவிடும். கெட்ட என்பதற்கான மாலோவும் மால் ஆகிவிடும். முன்வரிசையில் நிற்கிறவர்களுக்கு வால் தேவையில்லை போலிருக்கிறது.

குறித்த நாள் வந்தது. ஆரத்தித் தட்டோடு படியடியில் நின்றேன். பிலார் குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மேல்படியில் நின்றாள். கீழே இறங்கிக் குழந்தையை என் கையில் கொடுத்தால் அவள் வேலை முடிந்தது. வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டும். அத்தனை சம்பிரதாயமும் பேசின எனக்கு, பெற்றவள் திரும்பிப் போகும் இந்த இடம் மட்டும் அதுவரை தோன்றவேயில்லை.

"புவென் தியா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

"இல்ல" என்றேன். "மால் தியா. நாளு சரியில்ல. அடுத்த வாரம்."

"இன்னாமே? நல்ல நாளுன்னுதானே போட்டுக்கீது?" என்றார் என் கணவர், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து. போய் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

பிலார் அப்படியே மேல்படியில் உட்கார்ந்து குழந்தையின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். தொழிற்சாலையில் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது.

அந்த ஒரு வாரமும் ஓடிவிட்டது. இந்தத் தடவை நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. காலையில் குளித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டோடு வந்து நின்றேன். தினேஷ் பெட்டியை இறக்கி வாசலில் வைத்தான். லூசியாவின் கண் சிவந்திருந்தது. பிலார் குழந்தையோடு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படிக்கு வந்தாள். 'புவென் தியா?' என்று கேட்கவில்லை. குழந்தையை மட்டும் நீட்டினாள்.

தட்டைத் தூக்கினேன். அப்போது நாட்காட்டிக்கு எதிரே நின்றிருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். இத்தனை மாதமாக ஒரு சொல்லும் கற்றுக்கொள்ளாத மனுஷன், அன்றையத் தாளைப் பர்ரென்று கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிலார் பக்கம் திரும்பினார்.

"மால் தியா, சம்பந்தி" என்றார். "ரொம்ப மால் தியா."